பிரேக்கிலிருந்து காலை எடுத்த மாமா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மாமாவும் மகளும் நலம். இந்தத் தடவை 'நலம்' என்ற சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை. டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் "நலம்தாம்மா, வீட்டுக்குப் போங்க" என்று அலுத்துக்கொண்ட பிறகே எழுதுகிறேன். அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் உண்மை நிலவரத்தையும் பதிலில் எழுதவும். உன் வகுப்புகளுக்குக் கூட்டம் சேர்வதாகவும், அடுத்த மாதம் பெரிய மண்டபம் பிடித்திருப்பதாகவும் உன் மனைவி போனில் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. அந்த மண்டபத்துக்கு எத்தனை வாசல், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது என்று விசாரித்து வைத்துக்கொள். இதைப் படித்ததும் நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். சுளித்துவிட்டு விசாரி.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் "அக்கா, அக்கா, முதல்ல மூச்சை நல்லா இழுத்து விடு" என்று நீ குறுக்கே புகுந்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் புக முடியாது. ஆகவே உட்கார்ந்து படி. மூச்சை நான் இழுத்துக்கொள்கிறேன்.

நீ மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் வந்து தங்கிப்போனாயே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீ தண்ணீர் வடிகட்டி விற்றபோது நாங்கள் ஒன்று வாங்கினோம். மெத்தை விற்றபோது இரண்டு வாங்கினோம். இந்தத் தடவை நீ கையில் ஒன்றும் இல்லாமல் வந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அது என் தவறு. நீ விற்க வந்த சரக்கு உன் வாயில் இருந்தது. சாயங்காலம் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மாமா, மனசுல எதை நெனைக்கிறோமோ அதுதான் நடக்கும். கெட்டதை நெனைக்காதீங்க. நெனைச்சாலும் சொல்லாதீங்க. வாயைத் திறந்து சொன்னீங்கன்னா, அதுக்கு நீங்களே கதவைத் திறந்து விட்ட மாதிரி" என்றாய். உன் மாமா வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குக் கொட்டாவி விடுகிறவர். அன்றைக்கு விடவில்லை. "எதுவா இருந்தாலுமா?" என்று கேட்டார். "எதுவா இருந்தாலும் மாமா" என்றாய். "சொல்லாம இருந்தா வராதா?" என்று மறுபடி கேட்டார். "வரவே வராது" என்று நீ நெஞ்சில் கைவைத்துச் சொன்னாய். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் எதற்கு ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கிறார் என்று அப்போதே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வெங்காயம் முக்கியமாக இருந்தது.

உன் மாமா எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் நீ மறந்துட்டியோன்னு ஞாபகப்படுத்துறேன். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். பயிற்சிக் காரில சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, அவரோட வலது கால் அதுமேலயே குடியிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் வேலையை விடாது. டிவியில யாராவது வேகமா ஓடிவந்தா நாற்காலிக்குக் கீழே தரையை அமுக்குவார். நம்ம பொண்ணு மாடிப்படியில தடதடன்னு இறங்கினா கீழே நின்னுக்கிட்டு அமுக்குவார். கத்துக்க வர்றவங்க அவருக்கு வெச்சிருக்கிற பேரே 'பிரேக் சார்'. அவர் சொல்ற பாடம் ஒண்ணே ஒண்ணுதான்: "எதிர்ல வர்றவன் தூங்கிக்கிட்டு வர்றான், பின்னாடி வர்றவன் குடிச்சிட்டு வர்றான், பக்கத்துல வர்றவன் பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டு வர்றான்னு நெனைச்சுக்கிட்டு ஓட்டு. ஒண்ணும் ஆகாது." இந்தப் பாடத்தைக் கேட்டவங்க பாதிப்பேருக்கு ராத்திரி தூக்கம் வராதாம். ஆனா அவங்கள்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு பூந்தொட்டியைக்கூட இடிச்சதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன், நீ ஊருக்குப் போன மறுநாள் காலையில டீயைக் குடிச்சுட்டு, "இன்னிலேர்ந்து இந்த வீட்டுல இல்லைங்கிற வார்த்தை இல்லை"ன்னார். "இப்பவே ரெண்டு தடவை சொல்லிட்டீங்கப்பா"ன்னா பொண்ணு. அவர் காதுல வாங்கலை. அன்னிலேர்ந்து 'முடியாது' போச்சு, 'கெட்டுப்போச்சு' போச்சு, 'வலிக்குது' போச்சு. கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது, 'கேஸ் ஓய்வெடுக்குது'ன்னு சொல்லணும். சோறு குழைஞ்சுபோனா 'இன்னிக்குச் சோறு ஒத்துமையா இருக்கு'. பொண்ணு இருக்காளே, அவளுக்கு இது கரும்பு தின்னக் கூலி குடுத்த மாதிரி ஆயிடுச்சு. கணக்குப் பரீட்சையில முப்பது வாங்கிட்டு வந்து அப்பா முன்னாடி நின்னு, "அப்பா, நூறுக்குப் போறதுக்கு எனக்கு இன்னும் எழுபது இடம் இருக்கு"ன்னா. "சபாஷ்! எவ்வளவு பெரிய இடம்!"னு முதுகுல தட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். அவ என்கிட்ட வர்றதையே விட்டுட்டா. ஒரே வீட்டுல ரெண்டு கடை இருந்தா எது மலிவோ அங்கதானே பிள்ளைங்க போகும்?

இதாவது பரவாயில்லை. சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பிச்சுது. நான் ஆபீசுல இருந்தேன், பிளம்பருக்குப் போன் பண்ணுங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். சாயங்காலம் வந்து பாத்தா அப்படியே ஒழுகிக்கிட்டிருக்கு. "போன் பண்ணலையா?"ன்னேன். "பண்ணினேனே"ன்னார். "என்ன சொன்னீங்க?" "எங்க வீட்டுக் குழாய் ரொம்ப உற்சாகமா இருக்குன்னு சொன்னேன்." "அவர் என்ன சொன்னார்?" "ரொம்ப சந்தோஷம் சார்னு சொல்லி வெச்சுட்டார்." நான் என்ன பண்ணுவேன், சொல்லு. சரி, நாமளே பண்ணுவோம்னு நான் போன் பண்ணினா பிளம்பர் வேற வேலைக்கு வெளியூர் போயிட்டாராம். ரெண்டு நாள் கழிச்சுக் கீழ்வீட்டுக்காரர் தலை நனைஞ்சு மேலே ஏறி வந்தார். பாவம், நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து பகல்ல தூங்குற மனுஷன். "சார், உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது"ன்னார். உன் மாமா அவர் தோள்ல கைபோட்டு, "நாம அதை எப்படிப் பாக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு"ன்னார். "நான் படுத்துக்கிட்டுப் பாத்தேன் சார், நேரா நெத்தியில விழுது"ன்னார் அந்த மனுஷன். அவருக்கு டீ போட்டுக் குடுத்து, தலை துவட்டத் துண்டு குடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பினது நான். இவர் வாசல்வரைக்கும் போய்க் கையாட்டிட்டு வந்து, "பாத்தியா, இத்தனை வருஷமா பேசிக்காத மனுஷன் இன்னிக்கு நம்ம வீட்டுல டீ குடிச்சுட்டுப் போறார். குழாய் பண்ணின நல்லது"ங்கிறார்.

நான் ஏன் இதுக்கு உடனே மயங்கலைன்னு நீ கேட்பே. அக்காவுக்கு எப்பவும் எதிர்மறைப் புத்திதான்னு உன் வகுப்புல உதாரணம்கூடக் காட்டியிருப்பே. தம்பி, நான் வேலை பாக்கிறது இன்சூரன்ஸ் ஆபீசுல, நஷ்டஈட்டு மனு வாங்குற மேஜையில. எரிஞ்சுபோன சமையலறை, மரம் விழுந்த கார், எலி கடிச்ச ஒயர், தண்ணி புகுந்த துணிக்கடைன்னு காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் படிக்கிறேன். ஒவ்வொரு மனுவும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கையெழுத்து வேற, கதை வேற. ஆனா ஒரு வாக்கியம் மட்டும் எல்லாத்துலயும் அச்சடிச்ச மாதிரி அப்படியே இருக்கும்: 'இப்படி நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.' கெட்டதை நெனைச்சாதான் கெட்டது நடக்கும்னா, இவங்க யாருக்குமே ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதே? கனவுலகூட நெனைக்காதவங்கதானே என் மேஜை முன்னாடி வரிசையில நிக்கிறாங்க? நான் அடுப்பை அணைச்சேனான்னு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாக்கிறவ. எத்தனை தடவை என் வீடு எரியுதுன்னு மனசுக்குள்ள பாத்திருப்பேன்! அது பாட்டுக்கு நிக்குது. நீ உன் மண்டபத்துல இதுக்கு ஒரு பதில் சொல்லு, நானும் வந்து முன்வரிசையில உட்கார்ந்து கைதட்டுறேன்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தண்ணி எங்கயாவது இருக்கட்டும், காருக்கு வா. உன் மாமா வீட்டுல மாறினது மாதிரியே வேலையிலயும் மாறிட்டார். "எதிர்ல வர்றவன் தூங்கிக்கிட்டு வர்றான்"ங்கிற பாடம் போய், "ரோடு உனக்காகத்தான் போட்டு வெச்சிருக்காங்க, தைரியமாப் போ"ன்னு ஆயிடுச்சு. பிரேக் மேல கால் வெச்சுக்கிட்டிருந்தா மாணவர் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமாம். கால் பழக்கதோஷத்துல தானா போயிடுதுன்னு, சீட்டு மேல சம்மணம் போட்டு உட்கார ஆரம்பிச்சார். நெனைச்சுப் பாரு தம்பி, வண்டி ஓடுது, ஓட்டுறது முந்தாநாள் சேர்ந்த ஆளு, பக்கத்துல வாத்தியார் கண்ணை மூடிச் சம்மணம் போட்டுக்கிட்டு "அருமை, அருமை"ங்கிறார். எதிர்ல வர்றவங்க எல்லாம் இவர்தான் தூங்கிக்கிட்டு வர்றார்னு நெனைச்சு ஒதுங்கிப் போயிருக்காங்க.

அவர்கிட்ட கத்துக்க வந்தவங்கள்ல ஒரு தையல்காரம்மா. தங்கமான மனுஷி, நானே அவங்ககிட்டதான் துணி தைக்கக் குடுப்பேன். லைசென்ஸ் டெஸ்ட்டுல ரெண்டு தடவை தவறிட்டாங்க. காரணம் என்னன்னா, ஆக்சிலேட்டரைத் தையல் மெஷின் பெடல்னு அவங்க கால் நெனைச்சுக்குது. பயம் வந்துட்டா அந்தக் கால் வேகமா மிதிக்கும்; அவசரத்துக்கு ஜாக்கெட் தைக்கிற பழக்கம். முன்னாடியெல்லாம் அந்தம்மா மிதிக்க மிதிக்க இவர் அந்தப் பக்கம் அமுக்கி அமுக்கி, வண்டி அசைஞ்சு அசைஞ்சு ஊர்வலம் மாதிரிப் போகும். பத்திரமாத் திரும்பி வரும். அன்னிக்கு இவர் சம்மணத்துல இருக்கார். கடைத்தெருவுல பெயிண்ட் கடைக்காரர் புதுசா வந்த டப்பாவையெல்லாம் வாசல்ல ஆள் உயரத்துக்குக் கோபுரமா அடுக்கி வெச்சிருக்கார். அவரும் கடைப்பையனும் உள்ளே எதையோ எடுக்கப் போயிருந்தாங்க, அது யார் பண்ணின புண்ணியமோ. தையல்காரம்மா கோபுரத்தைப் பாத்துப் பயந்தாங்க, கால் மெஷின் தைக்க ஆரம்பிச்சுது, கார் நேரா கோபுரத்துல போய் இடிச்சு, திறந்திருந்த ஜன்னல் வழியா பெயிண்டெல்லாம் வண்டிக்குள்ள கொட்டிடுச்சு.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன், நீ பதறாதே. நான் ஆபீசுலேர்ந்து வந்து கதவைத் திறந்தா கூடத்துல உன் மாமா நிக்கிறார். ஒரு காது மஞ்சள், ஒரு காது நீலம், மீசை பச்சை. "என்னங்க இது?"ன்னு அலறினேன். "வண்ணமயமான நாள்"னார். பொண்ணு சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துப் போய் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டா. எனக்குச் சிரிப்பும் வரலை, அழுகையும் வரலை. அந்தக் கடைக்காரர் நஷ்டஈட்டு மனு எந்த ஆபீசுக்கு வரும்னு நெனைக்கிறே? எங்க ஆபீசுக்குத்தான், என் மேஜைக்குத்தான். 'இப்படி நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை'ன்னு மூணாவது வரியிலயே போட்டிருந்தார். நான் எழுந்து மேனேஜர்கிட்ட போய், "சார், இது எங்க வீட்டு விவகாரம், வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க"ன்னேன். அவர் மேலேர்ந்து கீழே வரைக்கும் படிச்சுட்டு, "நெனைச்சுப் பாக்கவே இல்லையாமே"ன்னார். "எங்க வீட்டுலயும் அதான் சார் பிரச்சினை"ன்னேன்.

இதோட முடிஞ்சிருந்தா உனக்கு நாலு வரி திட்டி எழுதிட்டு விட்டிருப்பேன். மறுநாள் சாயங்காலம் தையல்காரம்மா டர்பன்டைன் பாட்டிலும் பழந்துணியுமா வீட்டுக்கு வந்தாங்க. சாரோட காதைத் தொடைக்கக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தாங்களாம். சார் குளிச்சுக்கிட்டிருந்தார். அந்தம்மா நாற்காலி நுனியில உட்கார்ந்து, ரொம்ப நேரம் துணியை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"ன்னாங்க.

"கேளுங்கம்மா."

"நான் சார், சார், முன்னாடி டப்பான்னு கத்தினேன் அக்கா. அவர் காலைக் கீழே போட்டு பிரேக்கைத் தேடினார், அதெல்லாம் பண்ணினார். ஆனா கண்ணைச் சுருக்கிக்கிட்டு, டப்பாவா, எந்தப் பக்கம்னு கேட்டார். அவ்வளவு பெரிய கோபுரம் அக்கா. எந்தப் பக்கம்னு கேட்டார்."

அந்தம்மா போனதும் ஒவ்வொண்ணா ஞாபகம் வர ஆரம்பிச்சுது. டீயைக் கோப்பைக்குப் பக்கத்துல ஊத்திட்டு, "மேஜைக்கும் தாகம் இருக்கும்"னாரே. துணிக்கடை வாசல்ல நின்ன பொம்மைக்கு வணக்கம் வெச்சுட்டு, "யாரா இருந்தாலும் மரியாதை குடுக்கணும்"னாரே. பேப்பர்ல தலைப்பு மட்டும் படிச்சுட்டு, "உள்ளே எல்லாம் எதிர்மறைச் செய்தி"ன்னு மடிச்சு வெச்சாரே. நான் எல்லாத்தையும் உன் வகுப்பு பண்ணின வேலைன்னு நெனைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். ஊருல இருக்கிறவங்க மனுவையெல்லாம் இது நிஜமா, இது பொய்யான்னு துருவித் துருவிப் பாக்கிறவ, என் வீட்டுல இருக்கிற ஆளைத் துருவிப் பாக்கலை.

அவர் குளிச்சுட்டு வந்தார். ஒரு காது மட்டும் வெளுத்திருந்துச்சு. சமையலறையில நிக்க வெச்சு, கையை நீட்டி விரலைக் காட்டி, "இது எத்தனை?"ன்னேன்.

"எத்தனை வேணுமோ அத்தனை"ன்னு சிரிச்சார்.

"விளையாடாதீங்க. எத்தனை விரல்?"

கொஞ்ச நேரம் என் கையையே பாத்துக்கிட்டு நின்னார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கிடுச்சு தம்பி. நான் அப்படி ஒரு முகத்தை அவர்கிட்ட பாத்ததே இல்லை. "கை இருக்குன்னு தெரியுது"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். "வலது கண்ணுல முதல்ல பனி மாதிரி இருந்துச்சு. உன் தம்பி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. கார்க் கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். அப்புறம் இடதுலயும் வந்துச்சு. வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா அப்புறம் என்ன இருக்கு? எனக்கு வேற என்ன தெரியும்? பயந்துட்டேன். அப்போதான் உன் தம்பி வந்தான். வாயால சொன்னாத்தான் அது வரும்னான். சொல்லாம இருந்தா வேற எங்கயாவது போயிடும்னு நெனைச்சேன்"னார். இவ்வளவையும் அடுப்பைப் பாத்துச் சொன்னார், என்னைப் பாத்துச் சொல்லலை. எனக்குக் கோபத்துல ரெண்டு போடலாம்னுகூட இருந்துச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். என் தோள்ல கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கிச்சு.

மறுநாளே கண் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா ரொம்பக் கறார். தூரத்துல எழுத்துப் பலகையை மாட்டி, "படிங்க"ன்னாங்க. பழக்கம் சுலபத்துல விடுமா? முதல் வரியை எப்படியோ சமாளிச்சார். "கடைசி வரி?"ன்னாங்க. "அருமையா இருக்கு டாக்டர்." "என்ன எழுத்துன்னு கேட்டேன்." "எல்லாமே நல்ல எழுத்து." டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் கூரையைப் பாத்தேன். அப்புறம் விளக்கடிச்சுப் பாத்துட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நல்லா முத்திப்போச்சு. ஆபரேஷன் பண்ணிடலாம், சாதாரண விஷயம்தான், பார்வை நல்லாத் தெரியும். இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"ன்னாங்க. இவர் "அவ்வளவுதானா?"ன்னார். "அவ்வளவுதான்"னாங்க. "போயிடாதா?" "எது?" "கண்ணு." "வராம இருந்திருந்தா சிக்கல் பெருசாகியிருக்கும். அதான் வந்துட்டீங்களே."

தம்பி, இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாரு. ஒரு தடவை கெட்டதை நெனைச்சு, அதை வாயைத் திறந்து என்கிட்ட சொல்லியிருந்தார்னா, அந்த வாரமே நல்லது நடந்திருக்கும். நல்லதையே நெனைச்சுக்கிட்டிருந்ததால நல்லது வாசல்ல நின்னு கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சு உட்கார்ந்திருக்கு. நீ கெட்டதுக்குக் கதவைச் சாத்துறதாச் சொல்லிக்கொடுத்தே. டாக்டரும் அந்தக் கதவு வழியாத்தானே வரணும்?

ஆபரேஷன் அன்னிக்கு நடந்ததையும் எழுதிடுறேன். பச்சை அங்கியைப் போட்டு, தலையில குல்லா மாட்டி, வெளியே பெஞ்சில உட்கார வெச்சுட்டாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஈரமா இருந்துச்சு. "நல்லதா ஏதாவது சொல்லேன்"னார். சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்துச்சு. 'எல்லாம் நல்லபடியா…'ன்னு ஆரம்பிச்சேன், என் குரலை என்னாலயே நம்ப முடியலை. "இருங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போய் டாக்டரம்மாகிட்ட, இதுல என்னென்ன தப்பாப் போகலாம், அப்படிப் போனா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அந்தம்மா கோவிச்சுக்குவாங்கன்னு பாத்தா, உட்கார வெச்சுப் பொறுமையாச் சொன்னாங்க. கண்ணுல அழுத்தம் ஏறினா இது பண்ணுவோம், சீழ் பிடிச்சா அது பண்ணுவோம், லென்ஸ் நகர்ந்தா இப்படிச் சரிபண்ணுவோம்னு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்து, ஒண்ணு விடாம இவர்கிட்ட ஒப்பிச்சேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டார். ஆனா இவர் கை மெல்லக் காய ஆரம்பிச்சுது. "அப்போ இதையெல்லாம் அவங்க முன்னாடியே கவலைப்பட்டு வெச்சிருக்காங்க"ன்னார். "ஆமா"ன்னேன். "நமக்குப் பதிலா கவலைப்படுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னா நிம்மதிதான்"னு சொல்லி, கையை விட்டுட்டு, நேரா நடந்து உள்ளே போனார். கதவு நிலையில லேசா இடிச்சுக்கிட்டார். அது பரவாயில்லை, அதுக்குத்தானே போறார்.

கட்டுப் பிரிச்சதும் என்னைத்தான் முதல்ல பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். நானும் என்னமோ சொல்லப்போறார்னு நின்னுக்கிட்டிருக்கேன். "உனக்கு இவ்வளவு நரை எப்போ வந்துச்சு?"ன்னார். போன மாசமா இருந்தா வெள்ளிச் சரிகைன்னாவது சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து கூடத்துல விரிசலைப் பாத்தார், மூலையில ஒட்டடையைப் பாத்தார், பொண்ணோட மார்க்கைப் பாத்தார். அப்புறம் சமையலறைக்குப் போய் நின்னு, "இந்தக் குழாய் ஒழுகுதே, ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை?"ன்னு சத்தம் போட்டார். வெளியூர் போன பிளம்பர் திரும்பிட்டாரான்னு கேட்க நான் போனை எடுத்தேன். தையல்காரம்மாவுக்கு மறுபடி அவர்தான் சொல்லிக்கொடுக்கணும்னு டிரைவிங் பள்ளி முதலாளியே கூப்பிட்டுச் சொல்லிட்டார். ரெண்டாவது கண்ணும் ஆகி, டாக்டரம்மா சரின்னு சொன்னதும் வேலைக்குப் போவார்.

ஆகவே தம்பி, நான் உன் வகுப்பை மூடச் சொல்லவில்லை. சோர்ந்து கிடக்கிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை வேண்டும்தான். ஆனால் வாகனம் ஓட்டுகிறவர், பாலம் கட்டுகிறவர், மருந்து கலக்குகிறவர் யாராவது வந்தால் வாசலிலேயே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடு. அவர்கள் கவலைப்பட்டால்தான் மற்றவர்கள் கவலையில்லாமல் உன் மண்டபத்தில் உட்கார முடியும். உன்னையும் ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, ரயில் போய்விடுமோ என்று அரை நாள் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தாயே, அது யார் சொல்லிக்கொடுத்த சிந்தனை? அதுதான் நம் குடும்பத்துச் சிந்தனை. அதைச் சொல்லிக்கொடு, கூட்டம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தையை மாடிப்படிப் பக்கம் தனியே விட வேண்டாம் என்று சொல்லவும். நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று, பெற்றிருக்கிறோமா என்று அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு, நீண்ட நாள் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எப்போதும் உன் மேல் அக்கறையும் கொஞ்சம் சந்தேகமும் உள்ள
அக்கா

பி.கு: உறையை ஒட்டிய பிறகு கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டுமாம், வரும் வியாழக்கிழமை. வேர் வளைஞ்சிருக்காம். உன் மாமா புதுக் கண்ணோட அதைப் பத்தி எங்கெங்கேயோ தேடிப் படிச்சுட்டு, என்னென்ன ஆகலாம்னு காலையிலேர்ந்து என் பின்னாலயே சுத்திச் சுத்தி விளக்கிக்கிட்டிருக்கார். தாடை ஒடியலாமாம். உதடு மரத்துப்போய் ஒரு பக்கம்தான் சிரிப்பு வருமாம். எல்லாம் தெரிஞ்சா நிம்மதியா இருக்குமேன்னு வேற கேட்கிறார். எனக்கு ஒரு வேலை ஓடலை. மேலே எழுதினதை எல்லாம் தூக்கிக் குப்பையில போடு. புதன்கிழமையே கிளம்பி வா. டாக்டர் கூப்பிடுற வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்து, "ஒண்ணும் ஆகாது அக்கா, எல்லாம் நல்லபடியா நடக்கும்"னு சொல்லிக்கிட்டே இரு. நான் நம்ப மாட்டேன். நீ பாட்டுக்குச் சொல்லு, நிறுத்திடாதே.